ரயில் நிற்காத ஸ்டேஷன்

அவர் ஓர் இடத்தை விட்டுப் புறப்படுவதை, அந்த ஒரு நாள் வரும்வரை, பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. வருவதைப் பார்த்திருக்கிறேன், எத்தனையோ தடவை. எல்லாருக்கும் முந்தி வருவார். நனைந்த குடையை வாசலோடு சாத்துவார். செருப்பைக் கழற்றித் தெருவைப் பார்க்கத் திருப்பி வைப்பார். கதிரையின் நுனியில் உட்காருவார். சிரிப்பார், கதைப்பார், குசினிக்குள் புகுந்து தேங்காய் துருவித் தருவார். கைப்பை மட்டும் தோளை விட்டு இறங்காது. ஏதோ ஒரு நேரத்தில் திரும்பிப் பார்த்தால் கதிரை காலியாக இருக்கும். போய் வருகிறேன் என்று ஒரு சொல் கிடையாது, கை காட்டுவதும் கிடையாது. டெலிபோனிலும் அப்படித்தான். நாம் "சரிங்க மிஸ், அப்ப..." என்று இழுக்கும்போதே அந்தப் பக்கம் டொக்கென்று வைத்துவிடுவார்.

எனக்கு இது பொறுக்கவே பொறுக்காது! நான் கலஹாவில் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்கள் விடைபெறவே அரை மணி நேரம் எடுப்பார்கள். வாசலில் ஒரு தடவை, படியிறங்கி ஒரு தடவை, பஸ் ஏறிய பிறகு ஜன்னலால் தலையை நீட்டி இன்னொரு தடவை. அப்படி வளர்ந்தவளுக்கு இந்த மனுஷி எழும்பிப் போகிற விதம் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். திமிர் என்றுதான் முதல் இரண்டு வருடமும் நினைத்தேன். எதிர் மேசை றிஸ்னாவிடம் வாய் வலிக்கத் திட்டியும் இருக்கிறேன்.

கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மூன்று பேரும் வேலை செய்தோம். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் அதைக் கந்தோர் என்பார். கோப்பறை முழுக்க அவர் பொறுப்பு. நானும் றிஸ்னாவும் வெளியே எதிரெதிர் மேசைகளில் எழுதுவினைஞர்கள். யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்த பஸ்ஸில் வேலைக்கு வருகிறோமோ அந்த ஊர்தான் பெயர். நான் கலஹா. றிஸ்னா அலவத்துகொட. எங்கள் மேலதிகாரியையே முதுகுக்குப் பின்னால் பேராதனை என்பார். நாங்கள் அவரை மிஸ் என்றோம்.

எனக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஆறு நாளும் கந்தோர் விட்டதும் வந்தார். கஞ்சி ஊட்டினார், தலை வாரிவிட்டார், பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள அம்மாவுக்கும் சேர்த்து விசிறிவிட்டார். எப்போது போகிறார் என்று மட்டும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் பிடித்தே தீருவது என்று கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தேன். ஒரு பத்து நிமிஷம் போயிருக்கும். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் இன்னும் கட்டிலருகேதான் இருக்கிறார், ஆனால் இரண்டு செருப்பும் கையில்! சத்தம் கேட்கக்கூடாதாம். எனக்கு வந்த சிரிப்பில் தையல் பிரியாததே அதிசயம்.

"நீர் நித்திரை இல்லையே?" என்றார், களவு பிடிபட்ட ஆள்போல.

"போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னாங்க மிஸ் கொறஞ்சு போகும்?"

"கஞ்சி ஆறுது. குடியும்," என்றார். குடித்துவிட்டு நிமிர்ந்தேன். ஆள் இல்லை.

அவருக்கு ஒரு சிநேகிதி இருந்தார். ஜெர்மன்காரி. லண்டனில் ராணியின் அரண்மனையில் பெரிய வேலை. "அவாவும் என்னைப் போலத்தான் காணும், பிறந்த இடம் ஒண்டு, உழைச்ச இடம் இன்னொண்டு," என்பார். "அவா எந்தச் சாப்பாட்டுக்கு மேலையும் சீரகம் மாதிரி ஒரு விதையைத் தூவித்தான் சாப்பிடுறவா. அரண்மனையில எல்லாரும் நக்கலடிக்கிறவை." இவரும் கைப்பையில் ஒரு சின்னப் போத்தலில் வறுத்த சின்னச்சீரகம் வைத்திருந்து சோற்றுக்கும் தூவுவார், பாணுக்கும் தூவுவார். ஒருநாள் றிஸ்னா கொண்டுவந்த தித்திப்பான வட்டிலப்பத்துக்கும் தூவினார். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்! இரண்டு மாதம் கழித்துத்தான், அந்த ஜெர்மன்காரி செத்து நூறு வருடத்துக்கும் மேலாகிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. மிஸ் அவரை நூலகத்திலிருந்து எடுத்த ஏதோ ஒரு தடித்த புத்தகத்தில் சந்தித்திருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலாவது ஆள் அந்த அம்மாதான்.

கதை இதுதான். ஜெர்மனியில் ஒரு பாதிரியாரின் மகள். வேலை தேடி இங்கிலாந்துக்கு வந்து, பின்னாளில் ராணியாகப் போகிற சின்ன இளவரசியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக் கிடைக்கிறது. பிறகு சீமாட்டிப் பட்டமும் கிடைக்கிறது. யாராவது கையைப் பிடிக்காமல் இளவரசி படியிறங்கக்கூடாது என்று அரண்மனைச் சட்டம். அந்தக் கையைப் பிடித்தவர்களில் இவர் ஒருவர். இளவரசி ராணியானதும் அரண்மனையில் பாதி அலுவல் இவர் கண்ணசைவில்தான் நடந்ததாம். ராணி கலியாணம் முடிக்கிறார். மாப்பிள்ளையும் ஜெர்மன்காரர்தான், ஆனால் அவருக்கும் சீமாட்டிக்கும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஒருநாள் ராணிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் சீமாட்டி புறப்பட்டு ஊருக்குப் போய்விடுகிறார்.

"அரண்மனையெண்டாலும் எங்கட கந்தோர்தான்," என்பார் மிஸ், கண் விரிய. "அடுப்பில விறகு அடுக்குறது ஒரு பகுதி, கொளுத்துறது இன்னொரு பகுதி. ரெண்டுக்கும் கதைபேச்சில்லை. ராணி குளிரில நடுங்குறா!" அதைக் கேட்டு நாங்கள் மேசையில் அடித்துச் சிரிப்போம். ஏனென்றால் அந்த வாரம்தான் எங்களுக்குப் பிரின்டர் ஒரு பகுதியாலும் அதன் வயர் இன்னொரு பகுதியாலும் வந்திருந்தது.

இதை நாடகமாகப் போடலாம் என்று யோசனை சொன்னவள் றிஸ்னா. அலுவலகத்தின் வருடாந்தக் கலைவிழாவில் தமிழில் ஒரு நிகழ்ச்சி வேண்டுமென்று பேராதனை கேட்டிருந்தார். மிஸ் மூன்றே நாளில் எழுதிக்கொண்டு வந்தார். நான் ராணி. றிஸ்னா மாப்பிள்ளை. ஃபர்தாவுக்கு மேலே தொப்பியும் மூக்குக்குக் கீழே ஒட்டு மீசையுமாக அவள் வந்து நின்றபோது கோப்பறையே அதிர்ந்தது.

"யா அல்லாஹ், எங்க வாப்பா மாதிரியே ஈக்கிறேன்!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாள்.

சீமாட்டி யார் என்பதில்தான் சிக்கல். அரண்மனையில் எல்லாரும் பேசுவது ஒரு பேச்சு, சீமாட்டிக்கு மட்டும் வேறு ஊர்ப் பேச்சு இருக்க வேண்டும் என்று மிஸ்ஸே எழுதியிருந்தார். நானும் றிஸ்னாவும் பேசுகிற மாதிரியில் அந்த வசனங்களைச் சொன்னால் எடுபடவில்லை. கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் அவருடைய இரண்டு கையையும் பிடித்து மேடைக்கு இழுத்துவிட்டோம். "நான் பின்னால நிக்கிற ஆள்," என்று முரண்டு பிடித்தார். கறுப்புத் திரைச்சீலையில் கவுன் தைத்து மாட்டியதும் எங்களுக்கே மூச்சு நின்றது. அந்தக் கழுத்தும் அந்த நிமிர்வும்! ராணி வேடத்தில் நான் பக்கத்தில் நின்றால் வேலைக்காரி மாதிரி இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோப்பறையில்தான் ஒத்திகை. கடைசிக் காட்சி ரயில். சீமாட்டி ஊருக்குப் போய்ப் பல வருடம் கழித்து, ராணி போகிற ரயில் அந்தப் பக்கமாக வருகிறது. கேள்விப்பட்டுச் சீமாட்டி ஸ்டேஷனுக்கு வந்து கைலேஞ்சியை, கைக்குட்டையைத்தான், ஆட்டிக்கொண்டு நிற்கிறார். ரயில் நிற்காமல் போகிறது. கோப்புத் தள்ளுகிற வண்டியில் ஹார்ட்போர்ட் மட்டையை நிறுத்தி ஜன்னல் வெட்டி, டிரைவர் சமன் பின்னாலிருந்து தள்ளுவதாக ஏற்பாடு. நான் ஜன்னலுக்குள் முகத்தை வைத்து நேரே பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

எனக்கு மனம் கேட்கவில்லை. "ஏங்க மிஸ், கொஞ்சம் நிப்பாட்டினா என்னா? பாவமில்லையா?"

"ரயில் நிக்கேல்லை. அவா லேஞ்சியை ஆட்டிக்கொண்டு நிண்டவா. அவ்வளவுதான். எங்கட விருப்பத்துக்கு மாத்தேலாது."

"சரி, அரண்மனைய விட்டுப் போறப்ப ஏன் சொல்லாம போனாங்க? அத்தன வருஷம் கையப் பிடிச்சவங்க."

என் இடுப்பில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "சொன்னால் வாறன் எண்டும் சொல்ல வேணும். வாறன் எண்டு சொன்னால் வர வேணும்." இன்னொரு ஊசியை எடுத்தார். "நான் அம்மாவுக்கு 'போட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் இஞ்ச வேலைக்கு வந்தனான். அடுத்த மாசம் சண்டையில பாதை பூட்டினது. திறந்து போகேக்க அம்மா இல்லை. அசையாமல் நில்லும் காணும், குத்தப் போகுது."

இதைக் கேட்ட பிறகும் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. கேட்டேன். அடுத்த நிமிஷம் கவுன் எனக்கு இறுக்கமா என்று கண்ணாடியைப் பார்த்தேன்.

விழா நாளும் அவர் ஓய்வுபெறும் நாளும் ஒரே நாளாக அமைந்தது. பிரியாவிடை வேண்டாம் என்று அவர் எழுத்தில் கொடுத்து, அந்தக் கடிதத்தைக் கோப்பில் போட்டு இலக்கமும் இட்டிருந்தார். ஆனால் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வுபெற்றால் வெற்றிலைக் கட்டு, பொன்னாடை, சுவர்க்கடிகாரம், குரூப் போட்டோ என்று எல்லாம் நடந்தாக வேண்டும். காவற்காரருக்கே நடந்தது. மற்ற அத்தனை பேருடைய பிரியாவிடைக்கும் கேக் வெட்ட ஒழுங்கு செய்துவிட்டு, கேக் பங்கிடுவதற்குள் மறைந்துபோனவர் இவர். இந்த ஒரு தடவையாவது ஆளைப் பிடித்து நிறுத்தி ஒழுங்காக வழியனுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அன்புதான், சத்தியமாக அன்புதான். ரயிலை நிறுத்துவோம் என்று நான்தான் சொன்னேன். மேடையில் அத்தனை பேருக்கு முன்னால் வேடத்தோடு நிற்கும்போது எங்கே ஓட முடியும்?

அந்தப் பின்னேரம் மண்டபம் நிரம்பி வழிந்தது. மிஸ் பேசப் பேசச் சனம் மூச்சுவிடவில்லை. தமிழ் தெரியாதவர்கள்கூட முன்வரிசையில் கண்ணைத் துடைத்தார்கள். விறகுக் காட்சிக்கு எழுந்த சிரிப்பில் வசனம் கேட்கவில்லை. பிறகு ரயில் வந்தது. சமன் தள்ளுகிறான், நான் ஜன்னலுக்குள் இருக்கிறேன், எதிரே அவர் கறுப்புக் கவுனில் லேஞ்சியை உயர்த்திக்கொண்டு தனியாக நிற்கிறார். அந்த முகத்தைப் பார்த்தேன். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

வண்டி நின்றது. மட்டைக்குப் பின்னாலிருந்து நாங்கள் எல்லாரும் பாய்ந்து வந்தோம். றிஸ்னா கையில் கடிகாரம், என் கையில் வெற்றிலைக் கட்டு. ஒரு பக்கத்திலிருந்து பேராதனை பொன்னாடையும் மைக்குமாக, "இன்று எம்மை விட்டுப் பிரிந்து செல்லும்..." என்று ஆரம்பித்துவிட்டார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உயர்த்திய கையை மெல்ல இறக்கினார். லேஞ்சியை நாலாக மடித்துக் கவுன் கைக்குள் செருகினார். மேடைப் படியால் இறங்கி, கதிரைகளுக்கு நடுவே, நிமிர்ந்தபடி நடந்து, வாசலைத் தாண்டிப் போய்விட்டார். வெளியே ஓடினேன். கறுப்புக் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு த்ரீவீலில் ஏறிக்கொண்டிருந்தார். பதினொரு வருடத்தில் முதல்முறையாக அவர் புறப்பட்டதை என் கண்ணால் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

றிஸ்னா மீசையைப் பிய்த்தெடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். "நாங்க செஞ்சது பெரிய பாவம்டி," என்றாள். உள்ளே பேராதனை இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து மண்டபத்தை ஒதுக்கிய பிறகு அவருடைய வாடகை அறைக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "அவங்க யாரையும் பார்க்க மாட்டாங்களாம். விடிய யாழ்ப்பாணம் பஸ்ல போறாங்க. இத ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க." பழைய பேப்பரில் சுற்றிய பொதி. உள்ளே கவுன், அயன் பண்ணி மடித்து. அதன்மேல் கோப்புக் குறிப்பு எழுதுகிற அதே கையெழுத்தில் ஒரு துண்டு: 'ரயில் நிற்கவில்லை. திருத்தவும்.'

அதைப் படித்து அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு திரும்பவும் அழுதேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் என்ன செய்வது என்று தெளிவாகிவிட்டது. திருத்தச் சொன்னார், திருத்தத்தான் வேண்டும்.

விடிகாலை முதல் பஸ்ஸில் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் போனேன். யாழ்ப்பாணம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மூன்றாவது ஜன்னலில் அவர், கைப்பை மடியில். நான் கிட்டப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, வெற்றிலை கொண்டுபோகவில்லை, போய் வாருங்கள் என்று வாய் திறக்கவில்லை. பஸ் வெளியேறுகிற வழியில், கொய்யாப்பழ வண்டிக்குப் பக்கத்தில் நின்று என் லேஞ்சியை எடுத்து உயர்த்திக்கொண்டேன். சொல்லாமல் போகிறவரைச் சொல்லாமலே போகவிடுவது என்று முடிவு. கொய்யாப்பழக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும்.

பஸ் நகர்ந்தது. என் பக்கமாகத் திரும்பியது. அவர் என்னைக் கண்டார். நான் லேஞ்சியை ஆட்டினேன். அவர் முகம் நேரே பார்த்தபடி கடந்து போயிற்று. அதுதான் சரி, அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனாலும் எனக்கு நெஞ்சு பிளந்தது.

"தம்பி, நிப்பாட்டும்! பஸ்ஸை நிப்பாட்டும்!"

அவர் குரல்தான்! இருபது மீட்டர் தள்ளி பஸ் குலுங்கி நின்றது. பின்னால் வந்த மாத்தளை பஸ் ஹார்னை அமுக்கிப் பிடித்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று, எல்லாமாகச் சேர்ந்து அலறின. முன்கதவால் அவர் இறங்கினார். "கலஹா! கலஹா!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவருகிறார். கொண்டக்டர் பின்னாலேயே ஓடிவந்து, "அம்மா, கலஹா பஸ் இஞ்ச இல்லை, ஏறுங்கோ!" என்று கெஞ்சுகிறான்.

என் முன்னால் வந்து மூச்சு வாங்கினார். என் கையிலிருந்த லேஞ்சியைப் பிடுங்கி என் மூக்கைத் துடைத்தார். "என்ன காணும் இது, சின்னப்பிள்ளை மாதிரி," என்றார். என்னைப் பார்க்காமல், லேஞ்சியைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நான் போட்டு வாறன்."

திரும்பி நடந்தார். ஏறினார். பஸ் புறப்பட்டது. பஸ் வளைவில் திரும்பும்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"போயிட்டு வாங்க மிஸ்!" என்று அலறினேன். பதினொரு வருடம் சொல்லக் கிடைக்காத பதில். குட்ஷெட்டில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில், கலஹாவில் எங்கள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தேன். குடையோடு நின்றார். "ரயிலை நிப்பாட்டினது பிழைதான்," என்றபடி உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றினபடியே போட்டுவிட்டு, கதிரையை இழுத்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி கதிரை முதுகில் மாட்டினார்.